ஆக்ஸிலேட்டர் கை மரத்துப்போகிறதா? எந்த விரல் என்று முதலில் பாருங்கள்

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 41. தாம்பரத்தில் இருக்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில். 2017 மாடல் கிளாசிக் 350 வைத்திருக்கிறேன். பொங்கல், தீபாவளி, கோயில் கொடை என்று வருஷத்துக்கு நாலைந்து தடவை வண்டியிலேயே ஊருக்குப் போய்வருவேன். இரண்டு வருஷமாக ஒரு தொல்லை. உளுந்தூர்பேட்டை தாண்டியதுமே வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மதமதவென்று ஆகிவிடுகின்றன. திருச்சி போவதற்குள் கையில் ஆக்ஸிலேட்டர் இருக்கிறதா இல்லையா என்றே தெரிவதில்லை. இடது கைக்கு ஒன்றும் இல்லை. ஊர் போய்ச் சேர்ந்து தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். ஆபீஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. நண்பர் ஒருவர் கிரிப்பில் மாட்டும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை வாங்கச் சொல்கிறார். இன்னொருவர், ஆக்ஸிலேட்டரை அப்படியே லாக் செய்யும் கருவி இருக்கிறது, அதுதான் சரி என்கிறார். எதை வாங்கலாம்? நரம்புக்கு ஏதாவது ஆகிவிடுமா? கைக்குப் பலம் வர ஸ்பிரிங் கிரிப்பர் வாங்கி அமுக்கலாமா?

பதில்:

"ஆக்ஸிலேட்டர் கை வலிக்குது டாக்டர்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த விரல் என்றுதான். பெரும்பாலும் "மொத்தக் கையும்தான்" என்ற பதிலே வரும். நீங்கள் மூன்று விரல்களையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். என் வேலை பாதி முடிந்தது. எதை வாங்குவது, வாங்கியதை கிரிப்பில் எந்த இடத்தில் மாட்டுவது என்பதெல்லாம் அந்த விரல்களைப் பொறுத்த விஷயம்.

முதலில் நேரடியான பதில்: பட்டை வாங்கலாம். லாக் வேண்டாம், நீங்கள் போகும் சாலைக்குக் கண்டிப்பாக வேண்டாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால், செலவில்லாமல் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் பட்டையை மாட்டினால் அரைகுறை நிவாரணம்தான் கிடைக்கும்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சியைக் கொண்டுபோவது மீடியன் நரம்பு. மணிக்கட்டின் உள்பக்கம், நட்ட நடுவில், எலும்பும் தடித்த ஒரு நாரும் சேர்ந்த ஒரு குறுகலான வழி இருக்கிறது. கார்ப்பல் டனல் என்று சொல்வோம். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு சேர்ந்து இந்த நரம்பும் அதற்குள்ளேதான் போக வேண்டும். மணிக்கட்டு நேராக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. புறங்கை மேல்நோக்கி மடங்கினால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. அந்த நிலையிலேயே விரல்களை இறுக்கிப் பிடித்தால் இன்னும் கூடுகிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடி மணிக்கணக்கில் போகும்போது இந்த இரண்டையும் ஒருசேரச் செய்துகொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு, அசைவே இல்லாமல் இறுகி நிற்கும் முன்கைத் தசைக்கு ரத்த ஓட்டமும் குறைந்துவிடும். நரம்பால் வருவது மதமதப்பு, தசையால் வருவது கடுப்பு. இரண்டும் வேறு வேறு, ஆனால் ஒன்றாகத்தான் வரும்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருந்தால் கதையே வேறு. அது அல்னார் நரம்பு. சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு சின்ன எலும்பு தட்டுப்படும், தடவிப் பாருங்கள். அதன் ஓரமாகத்தான் அந்த நரம்பு போகிறது. ஹேண்டில்பாரில் உடம்பின் பாரத்தைச் சாய்த்து ஓட்டுபவர்களுக்கு அந்த இடம் நசுங்கும். பட்டையைப் பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

இடது கை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருப்பது எனக்கு மிகவும் உபயோகமான தகவல். உங்கள் வண்டி பழைய 346 சிசி இன்ஜின், அதில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. 2021-க்குப் பிறகு வந்த 349 சிசி கிளாசிக்கில்தான் அது இருக்கிறது. இன்ஜின் நிமிஷத்துக்கு 4,000 சுற்று ஓடினால் ஹேண்டில்பார் நொடிக்கு 67 தடவை அதிரும். ஆனால் அதிர்வு மட்டுமே காரணம் என்றால் இரண்டு கையும் மரத்திருக்க வேண்டும். கழுத்து நரம்புக் கோளாறாக இருந்தால் வண்டியை விட்டு இறங்கிய பிறகும் ஏதாவது ஒரு தொந்தரவு தொடரும். வலது கை மட்டும், ஓட்டும்போது மட்டும், அதுவும் மீடியன் நரம்பின் விரல்கள் மட்டும் என்றால் குற்றவாளி மணிக்கட்டின் கோணம்தான். அதிர்வு கூட இருந்து கெடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கோணம் எப்படி வருகிறது? வண்டியைக் கிளப்பும்போது ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும். அப்போது கையை நேராக வைத்துப் பிடிக்கிறீர்கள். பிறகு முறுக்க முறுக்க, முறுக்கின அளவு முழுவதையும் மணிக்கட்டு வாங்கிக்கொள்கிறது. முழங்கை கீழே தொங்குகிறது, மணிக்கட்டு கிரிப்பை விடத் தாழ்ந்துபோகிறது. செங்கல்பட்டு தாண்டினதும் ஒரு தடவை குனிந்து உங்கள் கையைப் பாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் வரும் வண்டியில் யாரையாவது ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். புறங்கைக்கும் முன்கைக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

மாற்றிப் பிடிப்பது சுலபம். வேகம் நிலைக்கு வந்ததும் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, ஆக்ஸிலேட்டர் அசையாமல், உள்ளங்கையை முன்பக்கமாக உருட்டி மறுபடி பிடியுங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும். அதோடு, கிரிப்பைக் குறுக்காக முஷ்டி மடக்கிப் பிடிக்காமல், ஸ்க்ரூடிரைவர் பிடிப்பதுபோலச் சற்றுச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். முழங்கை லேசாக வெளியே விலகும். இப்போது ஆக்ஸிலேட்டரை முறுக்குவது மணிக்கட்டு மடங்குவதால் அல்ல, முன்கை சுழல்வதால் நடக்கும். முதல் அரைமணி நேரம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். பழகினால் பழைய பிடிக்குப் போக மாட்டீர்கள்.

அடுத்தது வண்டி. நின்ற இடத்தில், இன்ஜினை அணைத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கி விடுங்கள். 'டக்' என்று தானே திரும்பி மூட வேண்டும். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி வைத்தும் இதையே செய்யுங்கள். மெதுவாக ஊர்ந்து திரும்பினால் கேபிள் வறண்டிருக்கிறது, அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது கிரிப்பின் முனை ஓரத்து வெயிட்டில் உரசுகிறது. எட்டு வருஷத்துக்கு மேல் ஓடின வண்டியில் கேபிளே மாற்றப்படாமல் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மெக்கானிக்கிடம் கொடுத்துக் கேபிளை மாற்றி, கிரிப்புக்குள் இருக்கும் குழாயைக் கழற்றித் துடைத்து, 2-3 மில்லிமீட்டர் லூஸ் வைக்கச் சொல்லுங்கள். கேபிள் இறுக்கமாக இருக்கும் வண்டியை ஓட்டுவது, நாள் முழுக்க ஒரு ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுவதற்குச் சமம். இந்த ஒரு வேலையிலேயே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். நானும் நம்புகிறேன்.

பிரேக் லீவரையும் பாருங்கள். சீட்டில் வழக்கம்போல் உட்கார்ந்து, கண்ணை மூடி, விரல்களை நேராக நீட்டினால் லீவர் மேல் தானாகப் போய் விழ வேண்டும். விரலை மேலே தூக்கித்தான் லீவரைப் பிடிக்க முடிகிறது என்றால் பிராக்கெட்டைத் தளர்த்தி லீவரைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். ஐந்து நிமிஷ வேலை.

இப்போது பட்டைக்கு வருவோம். கிராம்ப் பஸ்டர் என்ற பெயரில் வந்து பிரபலமானது, இன்று பல பெயர்களில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கிரிப்பைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் ஒரு வளையம், அதிலிருந்து நம் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாக்கு. உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன் மேல் வைத்தால் கையின் எடையே ஆக்ஸிலேட்டரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விரல்கள் இறுக்க வேண்டியதில்லை, விரித்துக்கூட வைக்கலாம். இறுக்கமும் கோணமும்தானே உங்கள் பிரச்சினை? இரண்டையும் இது குறைக்கும். கையை எடுத்தால் ஆக்ஸிலேட்டர் வழக்கம்போல் மூடிவிடும் என்பது இதன் பெரிய பலம்.

ஆனால் இடம் பார்த்து மாட்ட வேண்டும். நாக்கு உள்ளங்கையில் எங்கே அழுத்துகிறதோ அங்கேதான் இனி நாள் முழுக்க பாரம். உங்களுக்கு நடு மணிக்கட்டு ஏற்கெனவே நொந்திருக்கிறது, அங்கே அழுத்தக் கூடாது. பட்டையை கிரிப்பின் வெளிக்கோடிப் பக்கம் தள்ளி, சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் சதைப்பகுதி அதன் மேல் படும்படி வையுங்கள். அதிலும் நான் மேலே சொன்ன சின்ன எலும்பின் மேல் படாமல், அதற்கு ஒரு விரல் அகலம் முன்னால், கொழுத்த சதையில் பட வேண்டும். எலும்பின் மேலேயே வைத்துவிட்டால் அல்னார் நரம்பு நசுங்கி, மூன்று விரல் சரியாகி மற்ற இரண்டும் மரத்துப்போகும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். சுண்டுவிரல் மரத்துப்போகிறவர் யாராவது இதைப் படித்தால், அவர் நேர் எதிராகச் செய்ய வேண்டும்: பட்டையை உள்பக்கம் தள்ளி, கட்டைவிரலின் அடிச்சதையில் படும்படி வைக்க வேண்டும்.

மாட்டும் விதம்: வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு உட்காருங்கள். நெடுஞ்சாலையில் எவ்வளவு முறுக்கி வைப்பீர்களோ அந்த அளவுக்கு முறுக்கிப் பிடியுங்கள். முன்கையும் புறங்கையும் நேர்கோட்டில் இருக்கும்போது உள்ளங்கைக்கு அடியில் நாக்கு வந்து உட்காரும்படி பட்டையைச் சுழற்றிக் கவ்வ வையுங்கள். பிறகு ஆக்ஸிலேட்டரை மூடுங்கள். நாக்கு மேலே ஏறி வரும். அது உள்ளங்கையில் முட்டி ஆக்ஸிலேட்டரை மூட விடாமல் தடுத்தால் கொஞ்சம் கீழே இறக்குங்கள். கடைசியாக மிக முக்கியமான சோதனை: உள்ளங்கை பட்டையில் இருக்கும்போதே இரண்டு விரலால் முன் பிரேக்கைப் பிடியுங்கள். அப்போது நாக்கு கீழே அமுங்குகிறதா என்று பாருங்கள். அமுங்கினால் என்ன அர்த்தம்? மாடு குறுக்கே வந்து பிரேக்கைப் பிடிக்கிற அதே நொடியில் நீங்களே ஆக்ஸிலேட்டரையும் கொடுக்கிறீர்கள். இதுதான் இந்தப் பட்டையின் ஒரே பெரிய ஆபத்து. பிரேக்குக்கு விரல் போகும்போது உள்ளங்கை பட்டையை விட்டு விலகியிருக்க வேண்டும். இதை உடம்புக்குப் பழக்க வேண்டும், மூளைக்குத் தெரிந்தால் போதாது.

ஆகவே ஊருக்குள், சிக்னலில், யூ-டர்னில் பட்டை கூடவே கூடாது. பெருங்களத்தூர் நெரிசலில் முன்னால் பஸ் நிற்கும்போது உள்ளங்கை தெரியாமல் பட்டையில் பட்டால் வண்டி எகிறும். கவ்வும் வகை என்பதால் கீழ்ப்பக்கமாகச் சுழற்றி விடலாம், அல்லது கழற்றி டேங்க் பேக்கில் போட்டுக்கொள்ளலாம். பரனூர் சுங்கச்சாவடி தாண்டி ஒரு டீயைக் குடித்துவிட்டு மாட்டுங்கள். மழையில் சில பட்டைகள் வழுக்கிச் சுழலும், அதையும் ஒரு தடவை தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். கிரிப் ரப்பரே லூஸாகச் சுற்றினால் அதை ஒட்டவைத்த பிறகுதான் பட்டை.

லாக் ஏன் வேண்டாம் என்கிறேன்? அது மோசமான பொருள் என்பதால் அல்ல. தென்னாப்பிரிக்காவில் செய்யும் காவோகோ போன்றவை ஹேண்டில்பார் முனையில் உராய்வை மட்டும் கொடுக்கும், கையால் திருப்பினால் ஆக்ஸிலேட்டர் மூடும். நன்றாகச் செய்த பொருள்தான். ஆனால் கையை எடுத்தால் தானாக மூட வேண்டும் என்றுதான் ஆக்ஸிலேட்டரில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். லாக் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. கை விட்டாலும், தூக்கிப் போட்டாலும் வண்டி இழுத்துக்கொண்டே போகும். குறுக்குச் சாலைகளே இல்லாத, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஆள் அரவமற்ற ஆஸ்திரேலியச் சாலைக்கு அது பொருந்தலாம். உங்கள் சாலையில் சென்டர் மீடியனில் எங்கே இடைவெளி வரும், அதில் டிராக்டர் வருமா, ராங் சைடில் டிவிஎஸ் 50-யில் புல்லுக்கட்டு வருமா என்று யாருக்குத் தெரியும்? திண்டிவனத்திலிருந்து திருநெல்வேலி வரை பத்து நிமிஷம் தொடர்ந்து ஒரே வேகத்தில் போக முடிகிற இடங்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆன்லைனில் மலிவாக வரும் இன்னொரு வகையில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு பிரேக் லீவரில் போய்ச் சாய்ந்து நிற்கும். பிரேக் லீவரில் எதுவும் சாய்ந்து நிற்பதை நான் விரும்புவதில்லை.

அப்பாச்சி ஆர்டிஆர் 310-இல் வருவதுபோன்ற, வேகத்தை வண்டியே நிலையாக வைத்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் குரூஸ் கன்ட்ரோல் இதிலிருந்து வேறுபட்டது. பிரேக்கைத் தொட்டாலே விட்டுவிடும். 2025-இல் ஹீரோ கிளாமர் எக்ஸ் என்ற 125 சிசி வண்டியிலேயே அது வந்துவிட்டது. ஆனால் கேபிள் ஆக்ஸிலேட்டர் உள்ள உங்கள் கிளாசிக்குக்கு அது இல்லை. இதற்காக வண்டியை மாற்றச் சொல்லவும் மாட்டேன்.

கிரிப் மேல் போடும் ஃபோம் உறை நல்லதா என்று கேட்பீர்கள். அதிர்வு கொஞ்சம் குறையும். பெரிய கைக்காரர்களுக்குப் பிடியும் வசதியாக இருக்கும். சின்னக் கை என்றால் கிரிப் தடிமனாகி பிரேக் எட்டாமல் போகும், இன்னும் இறுக்கித்தான் பிடிக்க வேண்டிவரும். பட்டையும் ஃபோமும் சேர்ந்தால் பட்டை வழுக்கும். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கிளவுஸின் மணிக்கட்டுப் பட்டியைப் பார்த்தீர்களா? பலர் அதை நாடி துடிப்பது தெரிகிற அளவுக்கு இழுத்துக் கட்டுகிறார்கள், அதற்கு மேல் ஜாக்கெட்டின் வெல்க்ரோ வேறு. அந்த இடத்துக்கு நேர் கீழேதான் மீடியன் நரம்பு இருக்கிறது. ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

இன்னொன்று உங்கள் வழித்தடத்துக்கென்றே சொல்ல வேண்டும். காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம், ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே எல்லோரும் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பார்கள். காலையிலிருந்து சோர்ந்த கை அங்கேதான் கடைசியாகக் கைவிரிக்கும். அந்த இடத்தில் முட்டி இரண்டாலும் டேங்க்கைக் கவ்வுங்கள், கையைத் தளர்வாக விடுங்கள், வேகத்தைக் குறையுங்கள். பட்டையில் உள்ளங்கை வைக்காதீர்கள், காற்று உலுக்கும் உலுக்கில் ஆக்ஸிலேட்டர் ஏறி இறங்கும். வள்ளியூரிலோ பணகுடியிலோ நிறுத்தி, கையை உதறி, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் நல்லது. பொதுவாகவே ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்குங்கள். கிளவுஸைக் கழற்றி, கையை முன்னால் நீட்டி, மறு கையால் விரல்களைப் பின்பக்கம் இழுத்து 20 நொடி பிடித்தால் போதும்.

நரம்புக்கு ஏதாவது ஆகுமா என்ற பயத்துக்கு வருவோம். தூங்கி எழுந்தால் சரியாகிறது என்பது நல்ல அறிகுறி. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டை மடக்கி 60 நொடி வையுங்கள். அதற்குள் அதே மூன்று விரல்களில் மதமதப்பு வந்தால் கார்ப்பல் டனல் ஏற்கெனவே இடஞ்சலாகிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். ராத்திரி தூக்கத்தில் கை மரத்து எழுந்து உதறுகிறீர்களா, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறீர்களா, டம்ளர் நழுவுகிறதா, கட்டைவிரலின் அடிச்சதை மற்ற கையை விடச் சப்பையாகத் தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பட்டை வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனை எழுதித் தருவார். சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், இரண்டும் இந்தத் தொந்தரவைத் தூண்டிவிடக் கூடியவை. 41 வயதில் எப்படியும் பார்க்க வேண்டியவைதான். ஆபீஸில் மவுஸ் பிடிக்கும்போது மணிக்கட்டு மேஜை விளிம்பில் அழுந்திக்கொண்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். வருஷத்துக்கு நாலைந்து பயணம் செய்யும் கெடுதலை விட, தினமும் எட்டு மணி நேர மவுஸ் செய்யும் கெடுதல் அதிகமாக இருக்கலாம்.

ஸ்பிரிங் கிரிப்பர் வேண்டவே வேண்டாம். விரலை மடக்கும் தசைகள் ஏற்கெனவே அதிக வேலை செய்து களைத்திருக்கின்றன, அதே தசைக்கு இன்னும் வேலை கொடுப்பதில் அர்த்தமில்லை. எதிர்ப்பக்கத்துக்குக் கொடுங்கள். ஐந்து விரல்களின் நுனியையும் குவித்து, ஒரு சாதாரண ரப்பர் பேண்டை மாட்டி, மெதுவாக விரித்து மூடுங்கள். 15 தடவை, காலையிலும் மாலையிலும். கூடவே வயிறு, முதுகுத் தசைக்கு ஏதாவது ஒரு பயிற்சி செய்யுங்கள். முதுகு தளர்ந்தவர்தான் ஹேண்டில்பாரில் சாய்வார், சாய்ந்தவர்தான் இறுக்கிப் பிடிப்பார்.

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் அன்று காலை பட்டையை மாட்டாதீர்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றிரண்டு தடவை, விடியற்காலையில், கேளம்பாக்கம் வழியாக மாமல்லபுரம் வரை போய்வந்து, பட்டையிலிருந்து உள்ளங்கையை விலக்கி பிரேக் பிடிக்கப் பழகிவிட்டு, பிறகு நாகர்கோவில் போங்கள். அதற்குப் பிறகும் திருச்சியில் விரல் மரத்தால், எந்த விரல் என்று குறித்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.